ஏ, பி ஸ்பீக்கர் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) நின்றுவிடுகிறது. பெரிய ஆம்ப் வாங்கத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை:
வணக்கம். ஹாலில் ஒரு பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 8 ஓமில் சேனலுக்கு 60 வாட். ஏ, பி என்று இரண்டு ஸ்பீக்கர் ஜோடி மாட்டலாம். 'ஏ'வில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று: 6 ஓம், 86 டெசிபல், 100 வாட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. இதை மட்டும் போட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் பாடும்.

அப்பா அந்தக் காலத்தில் மரப்பெட்டி அடித்துச் செய்த ஸ்பீக்கர் ஜோடி பரணில் கிடந்தது. லேபிள் எதுவும் இல்லை. துடைத்துச் சாப்பாட்டு அறையில் வைத்து 'பி'யில் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரம் பாடுகிறது. வால்யூமைச் சற்று ஏற்றினால் உள்ளே 'டக்' என்று சத்தம், முன்னால் லைட் மின்னுகிறது, பாட்டு நின்றுவிடுகிறது. மேல்மூடியில் கை வைக்க முடியவில்லை. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி பாடும். இன்னொன்று, அப்பாவின் பெட்டி ஓங்கிக் கேட்கிறது, ஹாலில் இருப்பது அதன் பக்கத்தில் அடங்கிப்போகிறது.

கடையில் கேட்டால், "100 வாட் ஸ்பீக்கரை 60 வாட் ஆம்ப் எப்படி இழுக்கும்? 120 வாட் எடுங்க" என்கிறார்கள். அப்பா கையால் செய்த பெட்டி, அது வீட்டில் பாட வேண்டும் என்பது என் ஆசை. வழி சொல்லுங்கள்.

பழையசெட்டு மெக்கானிக்:
தம்பி, காசைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஆம்ப் பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஓம் கணக்கு போட்டிருப்பான். 'ஏ அல்லது பி'க்கு ஒண்ணு, 'ஏ கூட்டல் பி'க்கு ஒண்ணு. ரெண்டும் வேணும்.

அடுத்து, அப்பா பெட்டி ஒயரை ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு மீட்டரை 200 ஓம் ரேஞ்சுல வச்சு அளங்க. மீட்டர் காட்டுறது டிசி ரெசிஸ்டன்ஸ். ஸ்பீக்கரோட ஓமை விட அது கொஞ்சம் கம்மியாத்தான் வரும். 8 ஓம்னா ஆறு, ஆறரை காட்டும். 4 ஓம்னா மூணு, மூணரை.

அதுவரைக்கும் ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. புரொடெக்‌ஷன் (ஆம்ப் எரியாம இருக்கத் தானா நிறுத்துற சர்க்யூட்) இன்னைக்குக் காப்பாத்துது. அதையே நம்பி தினம் ஓட்டினா ஒரு நாள் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிரும். அந்தக் காலத்து ஜப்பான் ஆம்புக்கு அசல் டிரான்சிஸ்டர் இப்ப தேடி எடுக்கிறது கஷ்டம். கிடைக்கிறதுல போலி நிறைய.

இசைப்பித்தன்:
கடைக்காரர் சொன்ன வாட் கணக்கை மட்டும் நான் தெளிவுபடுத்துகிறேன், இது பலரையும் குழப்புவது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 100 வாட் அது கேட்கும் அளவு அல்ல, தாங்கும் அளவு. 60 வாட் ஆம்ப் அதை அழகாக ஓட்டும்.

சத்தம் எவ்வளவு வரும் என்பதை ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிதான் முதலில் தீர்மானிக்கிறது. உங்களுடையது 86 டெசிபல். ஏறக்குறைய 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு. 10 வாட்டுக்கு 96. 60 வாட்டுக்கு 104-ஐ நெருங்கும். கடைக்காரர் சொல்லும் 120 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு 'கொஞ்சம் ஏறியிருக்கிறது' என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டில் பேச்சு கேட்கிற அளவுக்குப் பாட்டு ஓடும்போது பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்டுக்குள்தான் செலவாகிறது.

வாட் குறைவால் ஸ்பீக்கர் கெடுவது ஒரே ஒரு வழியில்: சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் திருகிக் கிளிப்பிங் (சிக்னலின் உச்சி வெட்டுப்படுவது) வரவிட்டால் ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், கருகும். பாட்டு கரகரத்தால் வால்யூமைக் குறைத்துவிடுங்கள், போதும். உங்கள் ஆம்ப் நிற்பதற்குக் காரணம் இதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். அண்ணன் கேட்ட ஓம் கணக்கில்தான் விடை இருக்கும்.

காவிரிக்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணா. பின்னால் 'ஏ அல்லது பி: 4–16 ஓம். ஏ + பி: 8–16 ஓம்' என்று இருக்கிறது. அப்பா பெட்டி மீட்டரில் 3.4 காட்டியது, இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட அதே. பின்பலகையைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் 8 இஞ்ச் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் கூம்புக்கு நடுவிலும் ஒட்டியபடி இன்னொரு சின்னக் கூம்பு. ட்வீட்டர், கப்பாசிட்டர் எதுவும் கிடையாது. இரண்டின் ப்ளஸும் ஒன்றாக, இரண்டின் மைனஸும் ஒன்றாகப் பற்றவைத்திருக்கிறார். ஒன்றைத் தனியாகக் கழட்டி அளந்தால் 6.7.

பழையசெட்டு மெக்கானிக்:
அப்ப விஷயம் அங்கதான் இருக்கு. உங்க அப்பா போட்டது 8 ஓம் ஸ்பீக்கர். ரெண்டைப் பேரலல்ல சேத்ததால பெட்டி 4 ஓம் ஆயிருச்சு. அவர் அன்னைக்கு வச்சிருந்த செட்டுக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கும். சின்ன செட்டுல 4 ஓம் போட்டாத்தான் பவர் கூட வரும். வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கார்.

இப்ப கணக்கைப் பாருங்க. ரெண்டு சுவிட்சையும் போட்டா உங்க ஆம்ப் ஏ, பி ரெண்டையும் பேரலல்லதான் கோக்குது. சில ஆம்ப் சீரியஸாக் கோக்கும். ஆனா சேத்துப் போடும்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறைஞ்சது 8 ஓம் இருக்கணும்னு எழுதியிருக்கிறதே உங்களது பேரலல்ங்கிறதுக்குச் சாட்சி. 8-உம் 8-உம் பேரலல்னா 4. ஆக எப்படிப் போட்டாலும் மொத்தம் 4-க்குக் கீழ போகக் கூடாதுங்கிறான். நீங்க கொடுத்தது 6-உம் 4-உம். பெருக்கினா 24, கூட்டினா 10, வகுத்தா 2.4 ஓம்.

60 வாட் 8 ஓம்னா அவுட்புட்ல சுமார் 22 வோல்ட். 8 ஓம் அதுல இழுக்கிறது 2.7 ஆம்பியர். 2.4 ஓம் இழுக்கப் பாக்கிறது 9 ஆம்பியர். மூணு மடங்குக்கு மேல. சூடு ஏறாம என்ன செய்யும்? ஆம்ப்ல பழுது இல்ல தம்பி. புது 120 வாட் வாங்கினாலும் இதே 2.4 ஓமைக் கொடுத்தா அதுவும் கட் ஆகும், இல்லன்னா எரியும். வாட்டுக்கு முன்னாடி ஓமைப் பாக்கணும்.

வால்வுராகம்:
சாப்பாட்டு அறைக்குத் தனியாக ஒரு சின்ன கிளாஸ் டி போர்டு (அதிகம் சூடாகாத சின்ன ஆம்ப்) வாங்கி வைத்தால் என்ன? டி.பி.ஏ. 3116 சிப் போட்டது விலை குறைவு, 4 ஓமை நன்றாகத் தாங்கும். இரண்டு அறைக்கும் வால்யூமைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஈயப்பற்று:
அந்த போர்டும் நல்ல வழிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதில் அவுட்புட் பிரிட்ஜ் முறை, மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். காவிரிக்கரை, உங்கள் சாப்பாட்டு அறைக்குப் போகும் ஒயரில் எத்தனை கம்பி? பழைய வீடுகளில் இரண்டு ஸ்பீக்கருக்கும் மைனஸைப் பொதுவாக வைத்து மூன்றே கம்பி இழுத்திருப்பார்கள். அதில் இந்த போர்டை மாட்டினால் இரண்டு சேனலின் மைனஸும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும்.

எனக்குத் தோன்றும் வழி இன்னும் எளிது. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரையும் சீரியஸாக மாற்றிவிடுங்கள். 8-உம் 8-உம் சேர்ந்து 16 ஓம். ஹாலின் 6 ஓமுடன் பேரலலில் வந்தால் சுமார் 4.4. ஆம்ப் கேட்கும் மொத்தத்துக்கு மேலே நிற்கிறது. ட்வீட்டர், கிராஸ்ஓவர் (கீச்சு ஒலியையும் அடி ஒலியையும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், ட்வீட்டரும் அடி ஒலிக்கான வூஃபரும் ஏற்றத்தாழ்வாகிவிடும். உங்கள் பெட்டியில் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் இன்னொரு குறைக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது. இந்த வகைக் காகிதக் கூம்புகள் பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல் கொடுப்பவை, அதனால்தான் ஹால் ஸ்பீக்கரை அமுக்குகிறது. பேரலலில் இருந்து சீரியஸுக்கு மாறினால் அதே வோல்டேஜில் 6 டெசிபல் இறங்கும். இரண்டு அறையும் சமமாக வரும்.

வயரிங்: ஆம்ப் ப்ளஸ் முதல் ஸ்பீக்கரின் ப்ளஸுக்கு, முதலின் மைனஸ் இரண்டாவதின் ப்ளஸுக்கு, இரண்டாவதின் மைனஸ் ஆம்ப் மைனஸுக்கு. மூடுவதற்கு முன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

காவிரிக்கரை:
அக்கா, நீங்கள் சொன்னது போலவே சுவருக்குள் மூன்று கம்பிதான்! 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், 12 மீட்டர் தூரம். இது போதுமா, மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று:
போதும். போக வர 24 மீட்டர் செம்பு, சுமார் 0.4 ஓம். 4 ஓம் பெட்டியாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு என்று யோசிக்கலாம். 16 ஓமுக்கு அது பொருட்டே இல்லை. பொது மைனஸும் உங்கள் ஆம்புக்குப் பொதுவாகச் சிக்கல் தராது. ஆனாலும் மாட்டும் முன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆம்பின் இடது, வலது மைனஸ் முனைகள் உள்ளே ஒன்றாக இருக்கின்றனவா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

காவிரிக்கரை:
செய்து முடித்தேன். மைனஸ் முனைகள் இரண்டும் ஒன்றுதான், மீட்டர் பூஜ்யம் காட்டியது. பெட்டி இப்போது 13.4 ஓம் காட்டுகிறது. இடது பெட்டியில் முதலில் பேஸே (அடி ஒலியே) இல்லை. பேட்டரி வைத்துப் பார்த்தால் ஒரு கூம்பு வெளியே, மற்றது உள்ளே. அதன் முனைகளில் ப்ளஸ் குறி அழிந்திருந்ததால் மாறியிருக்கிறது. திருப்பிப் போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி அப்படியே நெஞ்சில் விழுந்தது. இரண்டு அறையிலும் சேர்த்து மாலை முழுக்க ஓடியது. மூடி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அம்மா சமையலறையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

பழையசெட்டு மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கிற 6 ஓம்ங்கிறது எல்லாச் சுருதிக்கும் 6 இல்ல. ஐ.இ.சி.ங்கிற சர்வதேச மின்தர அமைப்போட விதிப்படியே அதுல 80 சதவீதம் வரைக்கும், அதாவது 4.8 வரைக்கும், சில இடத்துல இறங்கலாம். அந்த நேரத்துல மொத்தம் 4-க்குக் கீழ தொடும். அளவான வால்யூம்ல இது ஒண்ணும் பண்ணாது. விசேஷத்துக்கு ஓங்கிப் போடணும்னா ஏ இல்ல பி, ஒண்ணை மட்டும் போடுங்க. ஆம்ப் மேல துணி, புத்தகம் வைக்காம ஒரு சாண் இடம் விடுங்க. ஒயரோட பிசிறு பக்கத்து முனையைத் தொடாம முறுக்கி மாட்டுங்க.