வலதுசாரிப் பார்வையுள்ள நம்பகமான செய்தி: மலையகத்திலிருந்து தேடுவோரின் அனுபவப் பகிர்வு

அட்டனிலிருந்து

வலதுசாரிப் பார்வையில் வரும் செய்தியைத் தேடுபவர்கள் முதலில் வழுக்குவது சொல்லில்தான். அமெரிக்காவில் 'லிபரல்' என்றால் இடதுபக்கம். இங்கே தாராளமயப் பொருளாதாரம் என்றால் 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன திறந்துவிட்டது, அதாவது வலதுபக்கம். பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் கட்சியை நம் பத்திரிகைகள் பழமைவாதக் கட்சி என்று எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டுப் பழைய சம்பிரதாயம் பேசும் கட்சி என்று மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் நிறையப்பேர்.

இலங்கைக்குள் வந்தால் இன்னும் சிக்கல். சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் எழுத்து ஒன்று, சிங்களத் தேசியம் பேசும் எழுத்து இன்னொன்று. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் ஒன்றும் விளங்காது. 1956க்குப் பிறகு தேசியம் பேசி வந்த அரசாங்கம்தான் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கியது. மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வலதுபக்கம் எனப்படும் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில் வந்தது. நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இடதுபக்கம் சாய்ந்ததெனப்படும் சுதந்திரக் கட்சி ஆட்சியில் வந்தது. கட்சிப் பெயரை வைத்து ஒரு பத்திரிகை எந்தப் பக்கம் என்று நாம் முடிவுகட்ட முடியாததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே தேடத் தொடங்குமுன் எதைத் தேடுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் செலவு, வரி, தனியார்மயம் பற்றிய பார்வையா? சமயம், குடும்பம் பற்றியதா? தேசியப் பாதுகாப்பா? மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு வேறு.

பொருளாதாரம் என்றால் கொழும்பில் எகொனமிநெக்ஸ்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. மத்திய வங்கி பணம் அச்சிடுவதைத் தொடர்ந்து எதிர்த்து எழுதும் தளம். அட்வகாட்டா நிறுவனம் சுதந்திரச் சந்தையை வெளிப்படையாக ஆதரிக்கும் ஆய்வு நிறுவனம். அவர்கள் எழுதுவதைக் கொள்கை வாதமாகப் படிக்க வேண்டும், அன்றாடச் செய்தியாக எடுக்கக்கூடாது. தேசியம் என்றால் 'திவயின' என்ற சிங்களப் பத்திரிகை 1981இலிருந்து வருகிறது, சிங்களத் தேசியப் பார்வை. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை மொழிபெயர்ப்பில் கேட்காமல் நேராகப் படிப்பது நல்லது. தெற்கில் நம்மைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பது அங்கே சுற்றிவளைக்காமல் வரும். லேக்ஹவுஸ் பத்திரிகைகள், நம் தினகரன் உட்பட, 1973இலிருந்து அரசாங்கத்தின் பிடியில். ஆட்சி மாறினால் அவற்றின் சாய்வும் மாறும். அதனால் அவற்றை வலது, இடது என்று எந்தப் பக்கமும் நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது.

பண்டாரவளையிலிருந்து

அட்டன் அண்ணன் சொன்னதோடு வெளிநாட்டுப் பத்திரிகைகளைச் சேர்க்கிறேன். பிள்ளைகள் ஏ.எல். அரசியல் விஞ்ஞானத்துக்கு இவற்றைப் புரட்டுகிறார்கள், ஆனால் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் செய்திப் பிரிவும் கருத்துப் பிரிவும் தனித்தனி ஆசிரியர்களின் கீழ் இயங்குகின்றன. கருத்துப் பக்கம்தான் உறுதியான வலதுசாரி. 2020 அக்டோபரில் பைடனின் மகனுடைய வியாபாரத்தைப் பற்றிக் கருத்துப் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது, ஜோ பைடனும் அதில் சம்பந்தப்பட்டவர் என்ற தொனியில். அதே பத்திரிகையின் செய்தியாளர்கள் கம்பனி ஆவணங்களைப் பார்த்து, அவருக்கு அதில் பங்கிருந்ததாக ஆவணங்களில் இல்லை என்று எழுதினார்கள். ஒரே பெயர்ப்பலகை, இரண்டு முடிவு. பக்கத்தின் தலையில் 'கருத்து' என்று அடித்திருக்கிறதா என்று பார்க்காமல் 'ஜேர்னல் சொல்லியது' என்று கட்டுரையில் எழுதினால் பிழை.

பிரித்தானியாவில் டெய்லி டெலிகிராஃப் (1855), ஸ்பெக்டேட்டர் சஞ்சிகை (1828) இரண்டும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மிக நெருக்கம். எவ்வளவு நெருக்கம் என்றால், ஸ்பெக்டேட்டரின் ஆசிரியராக 1999 முதல் 2005 வரை இருந்த போரிஸ் ஜோன்சன் பிறகு பிரதமரானார். 2024இல் ஆசிரியராக வந்த மைக்கேல் கோவ் முன்னாள் அமைச்சர். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் நல்ல எழுத்து, தெரியாமல் படித்தால் கட்சியின் உள்வீட்டுச் சண்டையை நாட்டுச் செய்தி என்று எடுத்துக்கொள்வோம்.

இன்னொன்று, மிக உபயோகமானது. பிரித்தானியாவில் இப்சோ என்ற பத்திரிகை ஒழுங்குபடுத்தும் அமைப்பு உண்டு. அதன் தளத்தில் பத்திரிகையின் பெயரைக் கொடுத்தால் அதன்மேல் வந்த முறைப்பாடுகளின் தீர்ப்புகள் வரிசையாக வரும். டெலிகிராஃபில் ஜோன்சன் 2019 ஜனவரியில் எழுதிய பத்தியில், உடன்பாடில்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதையே மக்கள் அதிகம் விரும்புவதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன என்றிருந்தது. அப்படியொரு கணிப்பு இல்லை என்று இப்சோ தீர்ப்பளித்துத் திருத்தம் போடவைத்தது. எந்தப் பத்திரிகையையும் நம்பத் தொடங்குமுன் அதன் தீர்ப்புகளில் ஐந்தாறு படித்தால், அது எந்த வகையான பிழை விடுகிறது என்று பிடிபடும். எண்ணில் தவறுகிறதா, தலைப்பில் ஊதுகிறதா, பத்தியாளரைக் கட்டுப்படுத்தாமல் விடுகிறதா?

அமெரிக்காவில் நெஷனல் ரிவியூ 1955இல் தொடங்கியது. 2016 ஜனவரியில், தன் பக்கத்துக் கட்சியில் முன்னணியில் நின்ற ட்ரம்பை எதிர்த்து ஓர் இதழையே ஒதுக்கியது. தன் பக்கத்தவரையும் எதிர்த்து எழுதத் துணிந்ததா என்று தேடிப் பாருங்கள். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் பிரசாரப் பத்திரிகை என்றே வைத்துக்கொண்டு படியுங்கள். தன் பக்கத்தவரையும் எதிர்த்து எழுதும் வகையில் நான் முதலில் சிபாரிசு செய்வது தி டிஸ்பாச் (2019). தொலைக்காட்சி என்றால் கவனம்: 2020 தேர்தல் பற்றிச் சொன்ன பொய்களுக்காக ஃபொக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் வாக்கு இயந்திரக் கம்பனியான டொமினியனுக்கு 787.5 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நுவரெலியாவிலிருந்து

வெளிநாட்டை விடுங்கள். நம் தோட்டத் தொழிலாளரின் சம்பளச் செய்தியை வைத்தே ஒரு பத்திரிகையின் சாய்வையும் நேர்மையையும் அளக்கலாம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. இந்த ஒரே எண்ணை மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் பொய்யில்லை.

தொழிலாளியின் கையைப் பார்த்து எழுதுபவர் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதத்தைக் கழிப்பார்: 108 ரூபா போக 1242. கம்பனியின் செலவைப் பார்த்து எழுதுபவர் தொழில்தருநரின் ஈ.பி.எஃப். 12 வீதம் 162 ரூபாவையும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் 40.50 ரூபாவையும் கூட்டுவார்: 1552.50. இடையில் 310.50 ரூபா வித்தியாசம். கம்பனிப் பக்கம் சாய்ந்த பத்திரிகை 1552.50 என்று போடுவது தப்பில்லை. எதைக் கூட்டி அந்தத் தொகை வந்தது என்று அதே பந்தியில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. சொல்லாமல் 'ஒரு தொழிலாளிக்கு 1500க்கு மேல் கொடுக்கிறோம்' என்று எழுதினால் அந்த இடத்தில் பேனையால் கோடு போட்டு வையுங்கள். தொழிற்சங்கப் பக்கம் சாய்ந்தவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

அதற்கு முந்தைய 1700 ரூபாக் கதையிலும் இதுதான் நடந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் வந்த வர்த்தமானியில் (அரசிதழில்) அது 1350 அடிப்படை, 350 விசேட கொடுப்பனவு. பல தலைப்புகளில் 1700 மட்டும் நின்றது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த பிறகும் பழைய தலைப்புகள் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. சம்பளம், காணி, வரி எது வந்தாலும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் அதிவிசேட வர்த்தமானியைத் திகதி வைத்துத் தேடுங்கள். தமிழ்ப் பிரதியும் வரும். செய்தியில் வர்த்தமானியின் இலக்கம் இருந்தால் அந்தப் பத்திரிகைக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போடலாம்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1550 ஆக்கி, அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு கொடுத்து 1750 ஆக்குவதாக முன்மொழிந்தார்கள். தனியார் கம்பனியின் சம்பளத்தில் வரிப்பணம் ஏன் போக வேண்டும் என்று நேர்மையான வலதுசாரிப் பொருளாதார எழுத்தாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்வியை நம் ஆட்கள் நம் விரோதமாக எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தம். ஆனால் அதைக் கேட்பவர் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுவதையும் தெரிந்து எழுதுகிறாரா என்று பார்க்கிறேன். அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியாமல் உற்பத்தித்திறனைப் பற்றி ஆயிரம் சொல் எழுதியிருந்தால், அவர் லயத்துப் பக்கம் வரவே இல்லை.

மாத்தளையிலிருந்து

தமிழில் வலதுசாரி எழுத்து என்றால் நம்மவர்கள் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறார்கள். துக்ளக் 1970இலிருந்து, அதைத் தொடங்கி நடத்திய சோ 2016இல் காலமான பிறகு குருமூர்த்தி ஆசிரியர். அது கருத்துப் பத்திரிகை, அதை மறைப்பதும் இல்லை. ஆங்கிலத்தில் ஸ்வராஜ்யா, 1956இல் ராஜாஜியின் ஆதரவோடு வந்தது, நடுவில் நின்று மீண்டும் வருகிறது. ராஜாஜியின் காலத்தில் சுதந்திரப் பொருளாதாரம் தூக்கலாக இருந்தது, இப்போது இந்துத்துவம் தூக்கல். பழைய பெயரை நம்பிப் போகிறவர் இந்த மாற்றத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல் மாறுவதால் வரும் பிழைகளைக் கவனியுங்கள். இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தின் மேல் நீதிமன்றம். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் கடைசி. அங்குள்ள யூடியூப்காரர் நம் தீர்ப்பைப் பற்றி 'இன்னும் உச்ச நீதிமன்றம் போகலாம்' என்று சொன்னால் அவர் நம் நாட்டைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பணமும் அப்படித்தான். அங்கே கோடி, இங்கே பில்லியன். ஒரு பில்லியன் நூறு கோடி. ரூபா என்று மட்டும் போட்டால் இந்திய ரூபாவா நம் ரூபாவா என்று கேளுங்கள்.

பதுளையிலிருந்து

போனில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஃபேஸ்புக்கில் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து, 'பற்றி' என்ற பகுதிக்குள் பக்க வெளிப்படைத்தன்மைக்குப் போங்கள். தொடங்கிய திகதி, முன்பிருந்த பெயர்கள், சில பக்கங்களுக்கு நடத்துபவர்கள் இருக்கும் நாடு எல்லாம் வரும். சினிமாப் பக்கமாகத் தொடங்கித் தேர்தல் வருடத்தில் 'தேசியக் குரல்' என்கிற மாதிரிப் பெயர் மாற்றியிருந்தால் விட்டுவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கைகளாவது மாறி வந்தது. படத்துண்டாக வந்தால் தலைப்பை அப்படியே தட்டச்சு செய்து தேடுங்கள். பத்திரிகையின் தளத்தில் அந்தத் தலைப்பே இல்லாவிட்டால் எழுத்துருவைக் கொப்பி அடித்துச் செய்ததாக இருக்கலாம். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய திகதியைப் பாருங்கள். மண்சரிவுக் காலத்தில் வேறு வருடத்துப் படங்கள்தான் அதிகம் வரும். ஃபேக்ட் கிரெசெண்டோ இலங்கைப் பதிப்பு தமிழிலும் வருகிறது, அங்கே ஒருமுறை தேடிவிட்டுப் பகிருங்கள்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் தோட்டங்களில் வீடியோ பார்த்து டேட்டாவைத் தீர்க்க வேண்டாம். ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலிகளில் நாலைந்து தளங்களைச் சேர்த்தால் தலைப்பும் முதல் பந்தியும் எழுத்தாகவே வரும். வலதுபக்கம் மூன்று சேர்த்தால் மறுபக்கம் இரண்டையாவது சேருங்கள், ஒரே சம்பவத்தில் எதை யார் விட்டுவிட்டார் என்று பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

மறுபடியும் அட்டனிலிருந்து

ஒன்று விட்டுப்போய்விட்டது. நம் எம்.பி. பாராளுமன்றத்தில் இப்படிச் சொன்னார் என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும் பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட்டைப் பாருங்கள். பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அதே மொழியில் அச்சாகும். தமிழில் பேசியது தமிழிலேயே இருக்கும், மொழிபெயர்த்தவரின் கை அதில் படாது. பாராளுமன்றத் தளத்தில் அமர்வுத் திகதியை வைத்து எடுக்கலாம். முதலில் வருவது பிழைதிருத்தப்படாத பிரதி என்று முகப்பிலேயே இருக்கும். எண்கள் வந்தால் மட்டும் திருத்திய பிரதி வரும்வரை பொறுங்கள். கோப்பு பெரிது, வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.