செக் எஞ்சின் லைட்: 'பொறி சோதனை விளக்கு' சரிப்படுமா?

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். கார் டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் 'செக் எஞ்சின்' விளக்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் அண்ணாச்சி எழுதியது இது:

> 'பொறி சோதனை விளக்கு' என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது, அண்ணாச்சி. பிளக்கில் தெறிப்பதும் பொறிதானே? 'பொறியில் பொறி வரவில்லை' என்று கையேட்டில் அச்சடித்துத் தக்கலையில் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் பாருங்கள், சிரித்தே அனுப்பிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த விளக்கு எஞ்சினை மட்டும் பற்றியது அல்ல என்பது. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது அது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குப் பொதுவான தற்சோதனை முறை கட்டாயமானது. இங்கே பாரத் நிலை 4 என்ற புகை விதிகளின் காலத்தில், 2010-லும் 2013-லும் இரண்டு கட்டமாக வந்தது. சென்சார்கள் சொல்வதை வண்டியின் கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். புகையைக் கூட்டக்கூடிய எது கெட்டாலும் மஞ்சள் விளக்கைப் போடும். ஆக்சிஜன் சென்சார், காற்றளவு சென்சார், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி பிடித்தது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஓய்ந்துபோனது, எலி கடித்த வயர் எல்லாம் இதில் அடக்கம். நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரிக்கும் கோட்டாறுக்கும் மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் புகை வடிகட்டி சூடேற நேரமில்லாமல் கரி அடைத்தும் எரியலாம்.

விளக்கு எரிய முதல் காரணமாக, சரியாக மூடாத பெட்ரோல் டேங்க் மூடியை ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது அமெரிக்கக் கதை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நம் விதி ஐரோப்பாவைப் பார்த்து எழுதியது என்பதால் இங்குள்ள பல வண்டிகளில் அந்தச் சோதனையே கிடையாது. மூடியை முறுக்கிவிட்டு விளக்கு அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் 'பி0301' என்று ஒரு கோடு, அதாவது குறியீடு, வரும். முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகிறது என்று அர்த்தம். விவரமுள்ள மெக்கானிக் உடனே, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை வாங்கிவரச் சொல்லமாட்டார். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பார். கோடு 'பி0302' என்று மாறினால் காயில் போச்சு. மாறாவிட்டால் பிளக்கையோ பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். கோடு சொல்வது இடத்தை மட்டும்தான், காரணத்தைத் தேடுவது மெக்கானிக் வேலை.

ஆகவே என் முன்மொழிவு 'கோளாறுகாட்டி'. திசைகாட்டி போல வாயில் எளிதாக நிற்கும். பழுது என்றால் ஏதோ உடைந்தே போனதாகத் தொனிக்கிறது. கோளாறு அப்படியில்லை, வயிற்றுக்கும் வரும், வண்டிக்கும் வரும். கோடுக்கு 'கோளாறு எண்' போதும். 'எச்சரிக்கை விளக்கு' என்பதைச் சிவப்பில் எரியும் ஆயில் பிரஷருக்கும் சூட்டுக்கும் விட்டுவிடுவோம். அவை எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். கோளாறுகாட்டி நிலையாக எரிந்தால், வண்டி ஓட்டத்தில் மாற்றமில்லாதவரை, ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம்.

ஆனால் அதே கோளாறுகாட்டி விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. கடுமையான மிஸ்ஸிங் அது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், பிறகு செலவு தாங்காது. அதனால் 'எரிதல்', 'மின்னுதல்' இரண்டையும் விளக்கவுரையில் கட்டாயம் பிரித்து எழுத வேண்டும் என்பேன்.

மிஸ்ஸிங்குக்குத்தான் இன்னும் சரியான சொல் அகப்படவில்லை. நம் குழுவின் சொற்பட்டியலில் உள்ள 'பற்றாமை' பற்றாக்குறையோடு போய்க் குழம்பும். 'எரிதவறல்' எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் வேறு ஏதாவது புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.