இலையுதிர் மரம்: ரஷ்ய மொழியில் எந்தச் சொல் சரி?

வில்லியனூர்_தோட்டம்:
வணக்கம். புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லத்துத் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆரோவிலுக்கு வரும் ரஷ்யர்கள் அங்கே தங்குவதால் தமிழ், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றிலும் கேட்கிறார்கள். பிரெஞ்சில் 'அ ஃபேய் கதூக்' என்று போட்டுவிட்டேன், அதில் குழப்பம் இல்லை. ரஷ்யனுக்குத்தான் கணினி மொழிபெயர்ப்பு 'லிஸ்த்வென்னயெ தேரெவோ' என்கிறது, அங்கே தங்கியிருக்கும் ஒரு அம்மா 'லிஸ்தபாத்னயெ' என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? தோட்டத்தில் ஒதியம், கல்யாண முருங்கை, நாட்டு வாதுமை, வேம்பு, பலா, ஆல் எல்லாம் இருக்கின்றன. அப்புறம் ஆலமரத்துக் குறிப்பில் குருத்தை மூடும் செதில் 'உதிரும்' என்று வருகிறது, அதற்கும் இதே சொல்லைப் போடலாமா?

முத்தியால்பேட்டை_72:
அந்த அம்மா சொன்னதுதான் சரி. இரண்டும் ஒன்று இல்லை. லிஸ்த்வென்னி என்றால் அகன்ற இலை உள்ள மரம், ஊசியிலை மரத்துக்கு எதிர்ப்பதம், இலை உதிருமா உதிராதா என்ற பேச்சே அதில் இல்லை. லிஸ்தபாத்னி என்றால் பருவத்தில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பது, அதற்கு எதிர்ப்பதம் வெச்னஸில்யோனி, அதாவது என்றும் பசுமையானது. ரஷ்யாவில் அகன்ற இலை மரங்களில் பெரும்பாலானவை குளிருக்கு முன் இலையைக் கொட்டிவிடுவதால் அங்கே பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றிச் சொன்னாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. இங்கே கெட்டுப்போகும். உங்கள் பட்டியலில் உள்ள பலாவையே பாருங்கள், அகன்ற இலைதான், ஆனால் ஆண்டு முழுக்கப் பச்சை, எனவே லிஸ்த்வென்னயெ ஆகும், லிஸ்தபாத்னயெ ஆகாது. சைபீரியாவில் இதற்கு நேர் எதிராக லிஸ்த்வென்னித்சா என்று ஒரு மரம் பெருங்காடாக நிற்கிறது, ஊசியிலை மரம், ஆனாலும் குளிர்காலத்துக்கு முன் ஊசிகள் மஞ்சளாகி எல்லாம் உதிர்ந்துவிடும்.

பலகையில் எழுதும்போது பாலைக் கவனியுங்கள். 'தேரெவோ' அஃறிணைப் பால், அதனால் லிஸ்தபாத்னயெ. புதர்ச்செடி என்றால் 'குஸ்தார்னிக்', அது ஆண்பால், அங்கே லிஸ்தபாத்னி என்று முடியும். ஆலமரத்துச் செதிலுக்கு இந்தச் சொல் வராது, ஏனென்றால் அதற்குள்ளேயே 'இலை' இருக்கிறது. செதில், புல்லி, இதழ் போன்ற உறுப்புகள் உதிர்வதற்கு 'அபதாயுஷி' என்பார்கள். பிரம்மதண்டுப் பூ விரியும்போதே புல்லி உதிர்ந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி சீக்கிரமே விழுவதற்கு முன்னால் 'ரான' சேர்த்துக்கொள்ளலாம். ரஷ்ய எழுத்தில் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தேவனாம்பட்டினம்_வேம்பு:
சொல் சரிதான், ஆனால் பலகையில் வெறும் லிஸ்தபாத்னயெ என்று மட்டும் போட்டால் படிக்கிறவர் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. ரஷ்யருக்கு இலை உதிர்வது என்றால் செப்டம்பர், அக்டோபர். நம் கரையில் அந்த நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், மரமெல்லாம் பசுமையாக நிற்கும். இங்கே உதிர்வது மழை விட்டு மண் காய ஆரம்பித்த பிறகு, தை மாசியில் தொடங்கிப் பங்குனி வரை. இலை வழியாக நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்க மரம் செய்கிற ஏற்பாடு அது. உள்ளே நடக்கிற வேலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்: இலையில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, உதிர்வைத் தூண்டும் எத்திலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, காம்பின் அடியில் உள்ள உதிர்தல் அடுக்கில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளை நொதிகள் கரைக்கின்றன, அதற்குள் மரம் இலையிலிருந்த நைட்ரஜனில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, பிறகு காற்றடித்தால் விழுந்துவிடும். தூண்டுகிற காரணம்தான் வேறு, அங்கே குளிரும் குறையும் பகலும், இங்கே வறட்சி. அதனால் 'ஃப் ஸுஹோய் ஸெஸோன்', அதாவது 'வறண்ட பருவத்தில்' என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் பழைய காடே இலையுதிர் காடு இல்லை. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் போய் நின்று பாருங்கள், சித்திரை வெயிலிலும் வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் கெட்டியான சின்ன இலைகளோடு பச்சையாகவே இருக்கும். இவ்வளவு நீண்ட வறட்சியைத் தாங்கிக்கொண்டு இலையைக் கொட்டாமல் நிற்கிற காடு அரிது, அதில் மிச்சம் இருப்பதும் கோயில்களைச் சுற்றித்தான் பெரும்பாலும். தோட்டத்தில் அந்த மரம் ஒன்றாவது இருந்தால் தயவுசெய்து அதற்கும் பலகை வையுங்கள்.

வில்லியனூர்_தோட்டம்:
இருவருக்கும் நன்றி. வறண்ட பருவம் என்ற வரியை எல்லா இலையுதிர் மரத்துக்கும் சேர்க்கிறேன். வேம்புக்கு மட்டும் எனக்கு முடிவு வரவில்லை, மாசியில் கொட்டுகிறது, ஆனால் ஒதியத்தைப் போல மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பதில்லையே, உடனே செந்துளிர் வந்துவிடுகிறது.

முத்தியால்பேட்டை_72:
அதற்கு 'பலுலிஸ்தபாத்னயெ' போடுங்கள், 'பலு' என்றால் பாதி. ஒதியம், கல்யாண முருங்கை, வாதுமைக்கு முழு லிஸ்தபாத்னயெ. பலாவுக்கு வெச்னஸில்யோனயெ.

தேவனாம்பட்டினம்_வேம்பு:
வேம்புக்கு அதுதான் பொருத்தம். நல்ல ஈரம் உள்ள இடத்தில் வேம்பு கொட்டாமலேயே ஓட்டிவிடும், அதனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் தோட்டத்து வேம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.