மறு: வைடுபாடி கிட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> வைடுபாடி கிட் = அகல உடல் தொகுப்பு
> ஃபெண்டர் ஃபிளேர் = சக்கரக்காப்பு விரிவாக்கம்
> ஆஃப்செட், ஃபிளஷ் இரண்டுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மூத்தவர்கள் உதவவும்.

தம்பி, காரின் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை வெளியே அகலப்படுத்தும் வைடுபாடி கிட் பற்றிய உங்கள் கட்டுரை வரைவையும், மேலே நீங்கள் தந்த சொற்பட்டியலையும் படித்தேன். விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறீர்கள். சொற்களில்தான் எனக்கு வழக்கு. நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ராணிப்பேட்டையில் ஃபைபர் அச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியும் பேருந்து முகப்பும் செய்துகொண்டிருந்த இடத்தில் இப்போது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பம்பர் இல்லாமல் நிற்கிறது. காட்பாடிப் பையன் ஒருவருடையது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டப்போகிறார். பட்டறையில் ஆளைக் கூப்பிட்டு வேலை சொல்ல எனக்கும் இந்தச் சொற்கள் வேண்டும்.

முதலில் "அகல உடல்". விமானத்துக்கு அது பொருந்தும். அங்கே கூண்டே அகலம், உள்ளே இரண்டு நடைபாதை ஓடுகிறது. காரில் உடல் எங்கே அகலமாகிறது? கூரை, கண்ணாடி, கதவு, இருக்கை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சக்கரத்துக்கு மேலே நான்கு இடம் மட்டும் வெளியே வருகிறது. இடை ஒடுங்கி நிற்பதால்தான் தோள் அகலமாகத் தெரிகிறது. கதவையும் சேர்த்து இழுத்துவிட்டால் அது வெறும் பெரிய கார். எதை அகலப்படுத்தாமல் விடுவது என்பதுதான் இந்த வேலையில் முதல் முடிவு.

பந்தய விதியிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1976இல் கார்ப் பந்தயத்தில் குரூப் 5 என்ற பிரிவுக்கு வந்த விதிப்படி பானெட், கூரை, கதவு ஆகியவற்றைத் தொடக்கூடாது, ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை, வெகுவாக மாற்றிக்கொள்ளலாம். போர்ஷே 935 அந்தச் சந்துக்குள் புகுந்து வந்த வண்டி. நடுவில் சாலையில் ஓடும் போர்ஷே 911, நாலு மூலையிலும் வேறு ஏதோ.

ஆகவே என் பரிந்துரை அகலக்கட்டு. லாரிக்குப் பாடி கட்டுகிறோம், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறோம். "நல்ல கட்டு" என்றால் ஆள் திடமானவன் என்று எல்லோருக்கும் புரிகிறது. உடற்கட்டு என்ற சொல்லும் இருக்கிறது. செய்யும் வேலையும் கிடைக்கும் தோற்றமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. "தொகுப்பு" என்று தனியாக ஒரு வால் தேவையில்லை. காதுக்குக் "கிட்" போலவும் இருக்கிறது, அது ஓசிக் கூலி.

அடுத்தது ஃபிளேர். "சக்கரக்காப்பு விரிவாக்கம்" அரசாணை மாதிரி இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்கள் யாளியையும் குதிரை வீரனையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் தலையைத் தூக்கிக் கூரை ஓரத்தைப் பாருங்கள். கல் வெளியே நீண்டு, வளைந்து இறங்கி, விளிம்பில் மெலிந்து நிற்கும். அதற்குப் பெயர் கொடுங்கை. ஃபிளேரும் தகட்டிலிருந்து புறப்பட்டு, வெளியே நீண்டு, வளைந்து, சக்கரத்துக்கு மேல் மெல்லிய விளிம்பாக முடிகிறது. சக்கரக் கொடுங்கை என்று முதலில் ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் வெறும் கொடுங்கை என்றே எழுதலாம்.

இதில் இரண்டு சாதி உண்டு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டது. ஒன்று, கொடுங்கையைத் தனித் துண்டாகச் செய்து ஆணி தெரிய முடுக்குவது. 1970இல் வந்த இரண்டு கதவு நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் பின்சக்கரத்தில் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. ஜப்பானில் நாகாய் அகிராவின் ஆர்டபிள்யூபி, காதோ வதாருவின் லிபர்ட்டி வாக் ஆகிய பட்டறைகள் எல்லாம் இந்த வழி. மற்றது, தகட்டோடு ஒட்டி, பட்டி போட்டு, தேய்த்து, மூட்டே தெரியாமல் செய்வது. 1986 பிஎம்டபிள்யூ எம்3, 1975 போர்ஷே 911 டர்போ போன்றவற்றில் தகடே அகலமாக வந்ததால் கண் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தோற்றத்தைப் பட்டறையில் கொண்டுவருவதுதான் இந்த இரண்டாவது. முதலாவதை முடுக்குக் கட்டு, இரண்டாவதை இழைப்புக் கட்டு என்கலாம்.

எனக்கு முடுக்குக் கட்டுதான் பிடிக்கும். ரசனை பாதி, வெயில் பாதி. ஃபைபரும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை. மே மாத வேலூர் வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது, தகடு தொடவே முடியாமல் கொதிக்கும். இரவில் இறங்கும். கூடவே ஓடும் அதிர்வு. இழைத்த மூட்டின் மேல் பெயிண்டில் ஒருநாள் மயிரிழை விரிசல் வந்தே தீரும். முடுக்குக் கட்டில் இடையில் ரப்பர் பட்டை வைத்துவிட்டால் அது பாட்டுக்கு அசையும். தடத்தில் ஓரம் தட்டி உடைந்தாலும் அந்த ஒரு துண்டைக் கழற்றி வேறு போடலாம். ஆனால் ஆணி தெரிகிறது என்றால் ஆணியும் அலங்காரம்தான். வளைவின் உச்சியிலிருந்து இருபக்கமும் சம இடைவெளியில் பிரித்து, கடைசி ஆணி நுனியை விட்டு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இடம் கிடைத்த இடத்தில் ஓட்டை போட்டால் எவ்வளவு நல்ல வளைவும் பழுது பார்த்த வண்டி மாதிரி ஆகிவிடும்.

> ஆஃப்செட்

இதற்கு நடுவிலக்கம். சக்கரத்தின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, அச்சில் பொருந்தும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதானே கணக்கு. "ஆஃப்செட்" என்று விட்டால் நம் ஊரில் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஞாபகம் வரும். சக்கரத்திலேயே ஈ.டி. என்று பொறித்து எண் போட்டிருப்பார்கள், மி.மீ. கணக்கில்.

இந்த ஒரு எண்ணில் பாதி வேலை இருக்கிறது. 8 அங்குல அகலம், நடுவிலக்கம் 35 உள்ள சக்கரத்தைக் கழற்றி, 10 அங்குலம், 25 என்று மாட்டினால் வெளிப்பக்கம் சுமார் 35 மி.மீ. நீளும், உட்பக்கம் சுமார் 15 மி.மீ. போகும். வெளியே போவதைக் கொடுங்கை மூடும். உள்ளே போவதை யார் பார்ப்பது? சஸ்பென்ஷன் கம்பியில் உரசும். அதனால் சக்கரத்தை முதலில் வாங்கி, மாட்டி, முழுக்க வலது, முழுக்க இடது திருப்பி, ஜாக்கி வைத்து அமுக்கம் பார்த்து, அப்புறம்தான் கொடுங்கையின் அளவு. படத்தைப் பார்த்துக் கொடுங்கையை வாங்கிவிட்டு அதை நிரப்பச் சக்கரம் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

ஃபிளஷ் என்பதற்கு மட்டம். கொத்தனார் சொல். டயர் ஓரம் கொடுங்கை விளிம்புக்கு மட்டமாக நிற்பது ஒரு தோற்றம். விளிம்பைத் தாண்டித் துருத்துவது இன்னொன்று. துருத்தினால் கல்லும் சேறும் பக்கவாட்டில் அடிக்கும், பார்க்கவும் எனக்கு ஆகாது.

கதவுக்கும் தகட்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளிக்குக் கீற்று போதும். "கதவுக்கீற்றைத் தாண்டாதே" என்றால் பையன்களுக்குப் புரிகிறது. இரண்டு கதவு வண்டியில் பின்கொடுங்கை கீற்றுக்கு முன்னே நின்றுவிடலாம். நாலு கதவு வண்டிகள் பலவற்றில் பின்கதவின் கீழ்ப்பகுதியைச் சக்கர வளைவே கடித்திருக்கும். அங்கே கொடுங்கையை இரண்டாக வெட்டி ஒரு துண்டைக் கதவிலேயே முடுக்க வேண்டும். மூடும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும், திறக்கும்போது உரசக்கூடாது. இந்தத் தலைவலியை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கொடுங்கையின் பின்புறத்தைத் திறந்து விடுவதா மூடுவதா என்பதும் பெரிய முடிவு. சக்கரம் சுழன்று உள்ளே அடைக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். திறந்து விட்டால் உண்மையான வேலை நடக்கிறது. காற்றுப்போக்கி என்று எழுதுங்கள். பின்னால் ஓட்டையே இல்லாமல் கறுப்பு வலை மட்டும் ஒட்டுகிறார்களே, அதற்குத் தமிழில் பெயர் வைக்க நான் உதவ மாட்டேன்.

பட்டறை விஷயம் ஒன்று. மூலவடிவத்தைத் தெர்மோகோலில் செதுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் நேராகப் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் பயன்படுத்தச் சொல்லுங்கள். செதுக்கி முடித்ததும் இரவில் டியூப்லைட்டை வண்டிக்கு இணையாகப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்த பரப்பில் அந்த வெள்ளைக் கோடு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல வளைவில் கோடு வழுக்கிக்கொண்டு போகும். எங்கே நெளிகிறதோ அங்கே பட்டி. பகலில் கண் ஏமாறும். கோட்டை மாஸ்கிங் டேப்பால் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. அது இடப்பக்கம் அழகாக வரும், வலப்பக்கத்தில் அதே கோட்டைப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். ஜப்பானிய வடிவமைப்பாளர் மியூரா கெய் போன்றவர்கள் வண்டியை ஸ்கேன் செய்து கணினியில் வரைந்து இயந்திரத்தில் வெட்டுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

கடைசியாக, சாலையில் ஓட்டும் வண்டிக்குச் செய்யலாம் என்ற தொனி கட்டுரையில் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது.

அன்புடன்,
ராணிப்பேட்டையிலிருந்து

---

மறு: மறு: வைடுபாடி கிட்

ராணிப்பேட்டை அன்பருக்கு,

கொடுங்கைக்கு என் முழு ஒப்புதல். கொடு என்றால் வளைவு. கொடுவாளில் இருப்பதும் அதே கொடு. வளைந்த கை போல நீள்வதால் கோயிலுக்கு வந்த சொல் காருக்கும் போகட்டும், ஒன்றும் குறையாது. நேற்று ஓர் அன்பர் "தடந்தோள்" என்றார். காதுக்கு இனிமைதான், ஆனால் பட்டறையில் "அந்தத் தடந்தோளைக் கழற்றுப்பா" என்று சொல்ல முடியுமா?

என் மறுப்பு மட்டத்துக்கு. கொத்தனார் சொன்னால் புரியும். தம்பி "மட்டமான சக்கரம்" என்று எழுதினால், குடியாத்தத்தில் இருக்கும் என் மாணவர்கள் மலிவுச் சரக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "மட்டம் தட்டிய சக்கரம்" என்றால் இன்னும் மோசம்.

"என்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், "எனலாம்" என்பதே வழக்கு. ஆசிரியப் புத்தி, பொறுத்துக்கொள்ளவும்.

குடியாத்தத்திலிருந்து

---

மறு: மறு: மறு: வைடுபாடி கிட்

ஐயா வணக்கம். "மட்டமான" சிக்கல் நியாயம். விளிம்பு மட்டம் என்று சேர்த்தே எழுதினால்? "சக்கரம் விளிம்பு மட்டத்தில் நிற்கிறது." பெயர்ச்சொல்லாகவே வைத்துக்கொள்வோம், பெயரடையாக்க வேண்டாம்.

தம்பி, இதற்கு யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அகலக்கட்டு, கொடுங்கை, முடுக்குக் கட்டு, இழைப்புக் கட்டு, நடுவிலக்கம், விளிம்பு மட்டம், கீற்று, காற்றுப்போக்கி எல்லாவற்றையும் வரைவில் மாற்றி அனுப்புங்கள். முன்பம்பர் மூலையில் மீசை மாதிரி ஒட்டுகிறார்களே, கனார்டு, அதற்கு இன்னும் சொல் இல்லை. "மீசை" என்றே போட்டுவிடலாமா என்று குழு சொல்லட்டும். எங்கள் பட்டறைப் பையன்கள் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.