மிட்டாயை ஆறாக வெட்டிய அப்பா: 'தி பியானிஸ்ட்' பார்த்தவர்களின் அனுபவங்கள்

போன மாதம் அம்மாவுடன் உட்கார்ந்து 'தி பியானிஸ்ட்' பார்த்தேன். 2002இல் வந்த படம். மனம் தாங்காது என்று இத்தனை வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பக்கத்தில் இருந்து காட்சிக்குக் காட்சி தமிழில் சொல்லிக்கொண்டே வந்ததில், இரண்டரை மணி நேரப் படம் முடிய நாலு மணி நேரம் ஆனது.

உண்மையில் நடந்த கதை. விளாடிஸ்லாவ் ஷ்பில்மன் போலந்து வானொலியில் பியானோ வாசித்த யூதர். 1939 செப்டம்பரில் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, தலைநகர் வார்சாவில் வானொலி நிலையத்தின்மேல் குண்டு விழுகிறது. அப்புறம் ஜெர்மானியர்கள் ஊருக்குள் வருகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "இவங்க ஏன் முன்னாடியே கிளம்பிப் போகலை?"

படமே அதற்குப் பதில் சொல்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு யூதக் குடும்பம் 2,000 ஸ்லாட்டிக்கு (போலந்து நாணயம்) மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வருகிறது. இவர்களிடம் 5,003 இருக்கிறது. மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்று வீடே வாக்குவாதம் செய்கிறது. பிறகு பூங்காவுக்குள் போகக் கூடாது. பெஞ்சில் உட்காரக் கூடாது. பிறகு கையில் நீல நட்சத்திரம் போட்ட வெள்ளைப் பட்டை, அதையும் அவரவரே தேடிக் கட்டிக்கொள்ள வேண்டும். நடைபாதையில் போகும் ஷ்பில்மனின் வயதான அப்பாவை, வணங்கவில்லை என்று ஒருவன் கன்னத்தில் அறைந்து சாக்கடையோரமாக நடக்கச் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும், சரி, இதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். 1940 நவம்பரில் யூதர்களை ஊரின் ஒரு பகுதிக்குள் அடைத்து, சுற்றிலும் சுவரை எழுப்பி மூடிவிட்டார்கள். 3.4 சதுர கிலோமீட்டருக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான பேர். அதன்பின் போவதற்கு ஏது வழி? இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

1942 ஜூலை 22 முதல் இரண்டே மாதத்துக்குள் சுமார் 2,65,000 பேரை வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள். ஷ்பில்மன் குடும்பமும் அந்த ரயிலுக்காக வெயிலில், திறந்த திடலில் காத்திருக்கிறது. தம்பி ஹென்ரிக்கையும் தங்கை ஹலினாவையும் வேலைக்கென்று தனியாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் தப்பியிருக்கலாம். தாங்களாகவே இந்தத் திடலுக்கு வந்து சேர்கிறார்கள்.

"கூடவே இருக்கணும்னு வந்திருக்குதுங்க" என்றார் அம்மா. அதன்பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

கூட்டத்துக்குள் ஒரு பையன் மிட்டாய் விற்கிறான். ஒரு கேரமல் 20 ஸ்லாட்டி. ஷ்பில்மனின் அப்பா எல்லோரிடமும் இருக்கும் காசைத் திரட்டி ஒன்றே ஒன்று வாங்கி, பேனாக்கத்தியால் ஆறாக வெட்டிக் கொடுக்கிறார். ஆறு பேரும் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் கடைசி. அம்மா என்னைப் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். "அவர் தனக்குச் சின்னத் துண்டா எடுத்துக்கிட்டாரா பாரு." இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். எல்லாமே கடுகளவுத் துண்டுகள், எதுவும் தெரியவில்லை. என் அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் எதை வெட்டினாலும் சின்னத் துண்டு அவருக்குத்தான். அம்மா ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதற்குமேல் அன்றைக்கு என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. மீதியை மறுநாள்தான் பார்த்தோம்.

*

நான் பியானோ கற்றுக்கொடுப்பவள். எனக்கு அந்தப் படத்தில் மறக்க முடியாதது சத்தமே இல்லாத ஒரு காட்சி. ரயிலேறாமல் தப்பிய ஷ்பில்மனை ஒளித்துவைத்த ஒரு வீட்டில் பியானோ இருக்கிறது. வாசித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். கட்டைகளைத் தொடாமல் விரல்களைக் காற்றில் ஓட்டுகிறார். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் நான் அழுதேன், ரத்தம் தெறித்த இடங்களில்கூட அழவில்லை.

கடைசியில் இடிந்த வீட்டில் ஜெர்மன் அதிகாரி ஒருவர் அவரைப் பிடித்து, வாசி என்கிறார். படத்தில் அவர் வாசிப்பது போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் முதல் பாலாட். ஷ்பில்மன் தன் புத்தகத்தில் எழுதியிருப்பது ஷோப்பனின் வேறொரு பியானோ இசை: சி ஷார்ப் மைனர் நாக்டர்ன். இரண்டரை வருடமாக வாசிக்காத விரல்கள், விறைத்து, அழுக்கேறி, நகம் வெட்டாமல். பியானோவும் சுருதி கலைந்தது. அந்த நாக்டர்னை நான் நூறு முறையாவது சொல்லிக்கொடுத்திருப்பேன். அதன் ஆரம்பம் மிக மெதுவானது, தப்பு செய்தால் ஒளிக்க இடமில்லை. இப்போது அதை எடுத்தாலே அவருடைய நகங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

*

படத்தில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பள்ளி ஆசிரியர். தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் போட்டேன். நோயால் அறைக்குள் அடைபட்ட அமல், ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. அதற்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது, 1942 ஜூலை 18 அன்று, அதே வார்சா சுவருக்குள், யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அனாதை இல்லத்தில் குழந்தைகள் இதே நாடகத்தைப் போலிஷ் மொழியில் நடித்திருக்கிறார்கள். நாலே நாளில் ரயில்கள் ஓடத் தொடங்கின. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுமார் 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் ரயிலேறினார். தப்பிக்க அவருக்கு வழி செய்துதரப் பலர் முன்வந்தும் அவர் மறுத்துவிட்டார். ட்ரெப்ளிங்கா நினைவிடத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் நட்டிருக்கிறார்கள். அவற்றில் தனி ஒருவரின் பெயர் இருப்பது ஒன்றில்தான். அது அவருடையது.

எங்கள் அமலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் கடைசி வசனத்தில் சிரித்துவிடுவான். விஷயம் தெரிந்த அன்றிலிருந்து நான் அவனைத் திட்டவில்லை. அந்தப் பிள்ளைகளும் ஒத்திகையில் சிரித்திருப்பார்கள்தானே.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். மறுநாள் மீதியைப் பார்த்தபோது, படத்தின் முடிவில் எழுத்து வருகிறது: ஒளிந்திருந்த ஷ்பில்மனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த அந்த ஜெர்மன் அதிகாரி வில்ம் ஹோசன்ஃபெல்ட், 1952இல் சோவியத் கைதி முகாமில் இறந்தார். படித்துச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சோறு போட்டவனை இவன் போய்ப் பார்க்கவே இல்லையா?"

தேடிப் படித்தேன். ஒளிந்திருந்தபோது ஷ்பில்மனுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த பிறகு அவரை விடுவிக்க முயன்றார், நடக்கவில்லை. ஹோசன்ஃபெல்ட் அடிப்படையில் பள்ளி ஆசிரியர், ஐந்து பிள்ளைகளின் அப்பா. கச்சேரிக்காக 1957இல் மேற்கு ஜெர்மனி போன ஷ்பில்மன் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போயிருக்கிறார். ஹோசன்ஃபெல்ட்டின் மனைவி அவரிடம் கணவரின் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தாராம்.

அம்மாவிடம் சொன்னேன். "போனானா?" என்றார். "போனார்மா."