ஷார்ட் அடிக்காமல் (கடன் வாங்கிய பங்கை விற்காமல்) புட் ஆப்ஷன் மட்டும் வைத்திருந்தால்?

புதியவன்: பிராங்க்பர்ட்டில் ஃபண்ட் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம். ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் 3 லட்சம் பங்குகளுக்குப் புட் மட்டும், அதாவது குறித்த விலைக்கு விற்கும் உரிமை மட்டும், வாங்கியிருக்கிறோம். அதன் மொத்தப் பங்குகள் 10 கோடி. ஜெர்மன் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினுக்குச் சொல்ல வேண்டுமா?

கணக்கர்: டெல்டா, அதாவது பங்கு விலை ஒரு யூரோ மாறினால் புட் விலை மாறும் அளவு, எவ்வளவு தம்பி?

புதியவன்: 0.4 சார்.

கணக்கர்: அப்படியென்றால் 1.2 லட்சம் பங்கை ஷார்ட் அடித்ததற்குச் சமம், மொத்தப் பங்குகளில் 0.12%. ஐரோப்பிய விதி 236/2012-இல் எல்லை 0.1%. மறு வர்த்தக நாள் பிற்பகல் 3.30-க்குள் சொல்லியாக வேண்டும். அதே பங்கு கையிருப்பில் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

புதியவன்: நேற்று நாங்கள் எதுவுமே வாங்கவில்லையே?

கணக்கர்: பங்கு விலை சரிந்தால் டெல்டா தானாக ஏறும். நானும் இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தாமதித்தேன், அன்றிரவு தூக்கமில்லை. தினமும் நள்ளிரவு நிலையைக் கணக்கிடுங்கள். 0.5% தொட்டால் ஃபண்ட் நிறுவனத்தின் பெயரோடு பகிரங்கமாகிவிடும்.