ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை, பி0299: டர்போதான் போய்விட்டதா?

மலையேறி:
வண்டி 3.0 லிட்டர், 4 சிலிண்டர் காமன் ரெயில் டீசல். விஜிடி டர்போ (இறக்கைகளை மூடித் திறந்து அழுத்தத்தை மாத்துற வகை, வேக்குவம் ஆக்சுவேட்டர்), இன்டர்கூலர் (டர்போ தர்ற காற்றைக் குளிர்விக்கிறது), ஆட்டோமேட்டிக் கியர், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) இல்லாத மாடல்.

சமதளத்துல ஒரு குறையும் தெரியல. நீண்ட ஏற்றத்துல 2,000 ஆர்பிஎம்முக்கு மேல பெடலை முழுசா அழுத்தினா இழுவை பாதியாயிடுது, பின்னால கரும்புகை. செக் இன்ஜின் விளக்கு வந்து பி0299 (டர்போ தர்ற கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், பத்தலைங்கிற கோடு) பதிவாகுது. அழிச்சாலும் அடுத்த ஏற்றத்துல திரும்ப வந்துடுது.

ஏற்றத்துல 3-ம் கியர், 2,500 ஆர்பிஎம், பெடல் முழுசா அழுத்தினப்ப ஓபிடி-ல (வண்டியோட சென்சார் எண்களைப் படிக்கிற இணைப்பு) கிடைச்சது:

மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டு காற்றழுத்தம்): 165 கிலோபாஸ்கல் (இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கேட்பது 225)
வெளிக்காற்று அழுத்தம்: 92 கிலோபாஸ்கல்
மேஃப் (உள்ளே போற காற்றோட எடை): வினாடிக்கு 124 கிராம்
ரெயில் (டீசல்) அழுத்தம்: 1,580 பார் (கேட்பது 1,600)
இன்டேக் காற்று: 55°
ஈஜிடி (எக்ஸாஸ்ட் வாயுச் சூடு), டர்போவுக்கு முன்: 735°
கூலன்ட்: 104°
கியர் ஆயில்: 116°

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு. டர்போ போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. இன்னொரு சந்தேகம்: டேஷ்போர்டு முள் எப்பவும் நடுவுலதான் நிக்குது, ஓபிடி 104 காட்டுது. எதை நம்புறது?

புகைவண்டி:
165 கிலோபாஸ்கல்னா 1.65 பார் பூஸ்ட். அது போதுமே ப்ரோ. ஈஜிஆர் வால்வு (எரிஞ்ச வாயுவில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுறது) கரி பிடிச்சு திறந்தபடியே நிக்குதுன்னு நினைக்கிறேன். பிளேட் போட்டு அடைச்சுப் பாருங்க.

ஸ்பேனர்செட்:
ரெண்டுமே இல்லை. மேப் சென்சார் காட்டுறது முழு அழுத்தம், அதுல வெளிக்காற்றும் சேர்ந்திருக்கு. 165-ல 92 போனா மிச்சம் 73 கிலோபாஸ்கல், அதாவது 0.73 பார், ஏறக்குறைய 10.5 பிஎஸ்ஐ. இசியூ கேட்கிறது 133, அதாவது 19 பிஎஸ்ஐ பக்கம். பாதிதான் கிடைக்குது.

ஈஜிஆர் திறந்தபடி நின்னா எரிஞ்ச வாயு உள்ளே போய் இடத்தைப் பிடிச்சுக்கும், புதுக்காற்று குறையும். மேஃப் எண்ணும் கூடவே இறங்கியிருக்கணும். விஜிடி ஆக்சுவேட்டர் வேலை செய்யாம இறக்கைகள் திறந்தே கிடந்தாலும் அதே கதை: மேப், மேஃப் ரெண்டும் சேர்ந்து விழும். டர்போவே செத்திருந்தாலும் அப்படித்தான். இங்க மேப் மட்டும் விழுந்திருக்கு, மேஃப் 124-ல நிக்குது. விடை அதுலதான் இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 3.0 லிட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் ஒரு சுற்றுக்கு 1.5 லிட்டர் இழுக்கும். 2,500 ஆர்பிஎம்ல வினாடிக்கு 62.5 லிட்டர். சிலிண்டர் நிரம்பும் திறன் 85 சதவீதம்னு வெச்சா 53 லிட்டர். 165 கிலோபாஸ்கல், 55 டிகிரியில ஒரு லிட்டர் காற்றோட எடை சுமார் 1.75 கிராம். ஆக இன்ஜின் விழுங்கினது 93 கிராம்தான். மேஃப் வழியா உள்ளே போனது 124. மீதி 30 கிராம் டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவுல எங்கேயோ வெளியே போகுது.

கரும்புகைக்கும் காரணம் இதேதான். புகை வராத அளவுக்கு எவ்வளவு டீசல் ஊத்தலாம்னு இசியூ பெரும்பாலும் மேஃப் எண்ணை வெச்சுத்தான் முடிவு பண்ணும். 124 கிராம் காற்று இருக்குன்னு நம்பி டீசல் ஊத்துது, சிலிண்டருக்கு வர்றது 93. மிச்ச டீசல் புகை. இன்னொரு பக்கம், பூஸ்ட் பத்தலைன்னு விஜிடி இறக்கைகளை இன்னும் மூடும். எக்ஸாஸ்ட் பின்னழுத்தம் ஏறும், டர்போ அளவுக்கு மீறிச் சுத்தும். ஈஜிடி 735 வந்தது அதனாலதான். இதே நிலையில ஏற்றத்துல தொடர்ந்து ஓட்டினா, இப்ப நல்லா இருக்கிற டர்போவும் போகும்.

ரெயில் அழுத்தம் கேட்டதுக்குப் பக்கத்துலயே நிக்குது, அதனால டீசல் பக்கம் போக வேண்டாம். ஈஜிஆரை அடைக்கவும் வேண்டாம். பல நாடுகள்ல சட்டப்படி தப்பு. அதோட இசியூ எதிர்பார்க்கிற மேஃப் மாற்றம் வராம புதுசா பி0401 (ஈஜிஆர் ஓட்டம் பத்தலைங்கிற கோடு) வந்து உட்காரும்.

மலையேறி:
நன்றி சார். ஐடில்ல பானட்டைத் திறந்து எல்லா ஹோஸையும் தடவிப் பார்த்தாச்சு, காத்து எங்கேயும் வரல. வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்பேனர்செட்:
ஐடில்ல வராது, அப்ப பூஸ்டே கிடையாதே. வெடிப்பு அழுத்தத்துலதான் வாய் திறக்கும். இன்ஜினை அணைச்சுட்டு வெளியிலிருந்து காற்று ஏத்திப் பார்க்கணும்.

ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்கு வர்ற குழாயை டர்போ வாயில கழட்டுங்க. அந்த வாய்க்குச் சரியான மூடி ஒண்ணு, நடுவுல டயர் வால்வு பொருத்தினது, போட்டு கிளாம்ப் இறுக்குங்க. கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் (இன்ஜின் ஆயில் பகுதியோட ஆவியை வெளியே விடுறது) நீங்க அடைச்ச பகுதிக்குள்ள வந்து சேருதான்னு கண்டிப்பா பாருங்க. சேர்ந்தா அதைப் பிரிச்சு ரெண்டு முனையையும் மூடணும், இல்லேன்னா காற்று ஆயில் பக்கம் போய் சீலைத் தள்ளிடும். கம்ப்ரஸர்ல ரெகுலேட்டர் இல்லாம ஏத்தாதீங்க. 0.3 பார்ல தொடங்கி மெதுவா 1 பார் வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். மூடிக்கு நேரா முகத்தை வைக்காதீங்க, கழன்டா பறக்கும்.

அழுத்தம் நிக்கவே நிக்காம, எக்ஸாஸ்ட்லயோ ஆயில் டிப்ஸ்டிக்லயோ இரைச்சல் கேட்டா, ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு திறந்திருக்குன்னு அர்த்தம். கிராங்க்கை ஸ்பேனரால கொஞ்சம் திருப்பி மறுபடி ஏத்துங்க. கொஞ்சம் கசிவு எப்பவும் இருக்கும்.

அப்புறம் சோப்புத்தண்ணி. பார்க்க வேண்டிய இடம்: இன்டர்கூலரோட ரெண்டு பக்க ரப்பர் முழங்கைகள் (அடிப்பக்கம் கண்ணாடி வெச்சுப் பாருங்க, வெடிப்பு பெரும்பாலும் அங்கதான்), இன்டர்கூலரோட அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ற விளிம்பு, மேப் சென்சாரோட ஓ ரிங். ஹோஸ் வெளியே ஆயில் ஈரமும் அதுல புழுதியும் ஒட்டின இடம் கிடைச்சா அங்கேயே தொடங்குங்க.

லோரேஞ்ச்:
முள்ளைப் பத்தி: இப்ப வர்ற பல வண்டிகள்ல முள்ளை இசியூதான் நடுவுல பிடிச்சு வைக்குது. ஓட்டுநர் சும்மா பயப்படக் கூடாதுன்னு 75-ல இருந்து 100-க்கு மேல வரைக்கும் அசையாம காட்டும். அது அசையும்போது நிலைமை ஏற்கெனவே மோசம். ஓபிடி எண்ணை நம்புங்க.

நல்ல கூலன்ட், மூடி 1.1 பார் தாங்குதுன்னா 104-ல கொதிக்காது. ஆனா சாதாரணம்னு விட்டுடவும் முடியாது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேறு, புல்விதை அடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. முன்னால இருந்து பார்த்தா சுத்தமாத்தான் தெரியும், ஏமாந்துடாதீங்க. இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிநோக்கி, குறைஞ்ச அழுத்தத் தண்ணியில கழுவுங்க. பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிடும்.

விஸ்கஸ் ஃபேன் இருந்தா, இன்ஜினை அணைச்சுட்டு, சூட்டோட கையால சுழட்டிப் பாருங்க. நல்ல எதிர்ப்பு இருக்கணும். தட்டிவிட்டா பல சுத்து சுத்துச்சுன்னா கிளட்ச் போச்சு. நடுக்குமிழைச் சுத்தி எண்ணெய்க்கோடு இருந்தாலும் அதே தீர்ப்பு.

கியர் ஆயில் 116 வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்கிறது) லாக் ஆகாம நழுவிக்கிட்டே இருக்கிறது. தார் ரோடு ஏற்றத்துல கையால ஒரு கியர் இறக்கி, லாக் ஆகுற வேகத்துல வெச்சு ஓட்டுங்க. மண், மணல், கல் பாதையா இருந்தா தயங்காம 4எல் (நாலு சக்கர லோ ரேஞ்ச்). சூடு நல்லாவே இறங்கும். தார்ல மட்டும் 4எச் (நாலு சக்கர ஹை ரேஞ்ச்), 4எல் போடாதீங்க. பார்ட் டைம் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல நடு டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், அந்த முறுக்கு முழுசும் டிரைவ் லைன்ல ஏறும்.

மலையேறி:
கிடைச்சாச்சு! இன்டர்கூலர்ல இருந்து வெளியே வர்ற முழங்கை ஹோஸ், கிளாம்ப் ஓரத்துல அடிப்பக்கம் நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு. 0.5 பார் வரைக்கும் நுரை மட்டும், அதுக்கு மேல சீறுது. விரலால அழுத்தாத வரை வெடிப்பே கண்ணுக்குத் தெரியல. ஃபேன் கிளட்சும் சூட்டுல தாராளமா சுத்துது, அதையும் மாத்தியாச்சு.

அதே ஏற்றம், அதே கியர், 2,500 ஆர்பிஎம்: மேப் 221, மேஃப் 127, ஈஜிடி 640, கூலன்ட் 96, கியர் ஆயில் 108. புகை இல்லை, கோடும் திரும்ப வரல. டர்போவை இனி பார்க்கணுமா? அலாரம் வைக்கணும்னா எந்த எண்ல வைக்கலாம்?

ஸ்பேனர்செட்:
மேஃப் கிட்டத்தட்ட அதே இடம், மேப் மட்டும் 56 ஏறியிருக்கு. இப்ப கணக்கு நேராகுது.

டர்போவை ஒருமுறை பார்த்துடுங்க, அளவு மீறிச் சுத்தியிருக்கு. ஆறின இன்ஜின்ல வாய்க்குழாயைக் கழட்டி ஷாஃப்டை ஆட்டுங்க. பக்கவாட்டுல லேசா ஆடலாம், சக்கரம் சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தா அசைவு கைக்கே தெரியக் கூடாது. இறக்கை நுனிகள்ல தேய்மானம் இருக்கான்னும் பாருங்க. குழாய்க்குள்ள மெல்லிய ஆயில் படலம் பிரீதர்ல இருந்து வர்றது, பயப்பட வேண்டாம். குட்டையாத் தேங்கினா சீல் சந்தேகம்.

புது ஹோஸ் மாட்டும்போது ரெண்டு பக்கக் குழாயையும் பிரேக் கிளீனரால துடைச்சு உலர விடுங்க, ஆயில் இருந்தா பூஸ்ட்ல கழன்டுடும். சிலிக்கோன் ஹோஸ் வாங்கினா உள்ளே ஃப்ளோரோசிலிக்கோன் படலம் இருக்கிறதா வாங்குங்க. வெறும் சிலிக்கோன் ஆயிலை உறிஞ்சி வேர்க்கும்.

அலாரம்: ஈஜிடி டர்போவுக்கு முன்னால 650-ல முதல் எச்சரிக்கை, 700-ல பெடலை விடுங்க. சென்சார் டர்போவுக்குப் பின்னால இருந்தா முழு லோடுல 100-ல இருந்து 200 டிகிரி வரை குறைச்சுக் காட்டும், அதுக்கேத்த மாதிரி இறக்கி வைக்கணும். கூலன்ட் 102, 108. கியர் ஆயில் 112, 120. மேப்புக்குத் தனி எண் வைக்காதீங்க, கேட்பதுக்கும் கிடைப்பதுக்கும் உள்ள வித்தியாசம் 25 கிலோபாஸ்கலைத் தாண்டி சில வினாடி நின்னா ஒலிக்கட்டும்.

புகைவண்டி:
என் வண்டியில ஆப்-ல மேப் எப்பவும் 255-க்கு மேல போகவே மாட்டேங்குது. அதுவும் கசிவா?

ஸ்பேனர்செட்:
இல்லை. பொதுவான ஓபிடி மேப் எண் ஒரே பைட், அதனால 255 தான் உச்சம். அதுக்கு மேல அழுத்தம் இருந்தாலும் 255-லயே ஒட்டி நிக்கும். உங்க மாடலுக்கான தயாரிப்பாளர் பிஐடி-யை (ஒவ்வொரு அளவீட்டையும் கேட்டு வாங்குற ஓபிடி குறியீடு) ஆப்-ல சேர்த்தா சரியா வரும். இசியூ கேட்கிற பூஸ்டும் பெரும்பாலும் அதுலதான் கிடைக்கும். ஒரே நேரத்துல அஞ்சாறு எண்ணுக்கு மேல வைக்காதீங்க, மலிவு அடாப்டர்ல ஒவ்வொண்ணும் தாமதமா வரும். 2,000 ஆர்பிஎம்ல எடுத்த மேப்பை 2,600-ல எடுத்த மேஃபோட ஒப்பிட்டா மேல போட்ட கணக்கு எதுவும் ஒட்டாது.

லோரேஞ்ச்:
மலையேறிக்கு ஒண்ணு. கூலன்ட் அலாரத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க. ஹோஸ் வெடிச்சு தண்ணி மொத்தமும் போயிட்டா சென்சார் காத்துல நிக்கும். எண் ஏறாது, இறங்கக்கூட செய்யும். சிலிண்டர் ஹெட் போல்ட்ல மாட்டுற உலோக வெப்ப சென்சாரோ, கூலன்ட் மட்ட அலாரமோ ஒண்ணு சேர்த்துப் போடுங்க. ஹெட் சென்சார் சூடான இன்ஜின்ல வழக்கமா எங்க நிக்குதுன்னு பார்த்துக்கிட்டு, அதுக்கு 12 டிகிரி மேல அலாரம் வைங்க.

மலையேறி:
ஹெட்ல காலியா எம்8 துளை ஒண்ணு இருக்கு, எக்ஸாஸ்ட் பக்கம். அங்கேயே போடலாமா?

லோரேஞ்ச்:
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடு நேரா அடிச்சா எண் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். இன்டேக் பக்கமோ தெர்மோஸ்டாட் உறை பக்கமோ பாருங்க. எக்ஸாஸ்ட் பக்கம்தான் வழின்னா வெப்பத் தடுப்பு உறை போட்டு, வயரை மேனிஃபோல்டுல இருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்க.